கைகாட்டி மரத்தைக் கணினிக்குள் நட்டவர்

மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறி காலேஜுக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்ம விழுப்புரம் – கடலூர் தடம் ஒற்றைப் பாதை. எதிர்வண்டி வந்து சேரும்வரை நம்ம வண்டி கிராஸிங்குக்காக நிற்கும். முதல் பீரியட் போகும், உள்ளே இருக்கிற எல்லோரும் புலம்புவோம். ஆனால் ஒருத்தர் கூட டிரைவரிடம் போய், பரவாயில்லை எடுங்க, எதிரே வண்டி வராது என்று சொல்ல மாட்டோம். தொண்ணூற்றொன்பது நாள் வராமல் இருக்கலாம். நூறாவது நாள் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மீட்டர் கேஜ் காலத்து ஆட்களைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். அப்போது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கைகாட்டி மரம் நிற்கும். கை நேராக நீட்டியிருந்தால் நில், கீழே சாய்ந்தால் போ. ஒற்றைப் பாதைகளில் இதோடு டோக்கன் என்று ஒன்றும் உண்டு. ஒரு பெரிய வளையத்தில் கட்டிய பையில் வைத்து அதை டிரைவர் கையில் கொடுப்பார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே டோக்கன்தான் வெளியே இருக்கும். டோக்கன் இல்லாதவர் உள்ளே போகக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தைக் கணினிக்குள் கொண்டுபோனவர் ஒரு டச்சுக்காரர். பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. டிஜிக்ஸ்ட்ரா, டிக்ஸ்ட்ரா என்று வகுப்பில் ஆளுக்கொரு மாதிரி உச்சரிக்கிறோமே, அவரேதான். அல்காரிதம் பேப்பரில் ஷார்ட்டஸ்ட் பாத்துக்காக ஒரு தடவை வருவார். ஓ.எஸ். பேப்பரில் செமஃபோருக்காக இன்னொரு தடவை வருவார். பதிமூணு மார்க் வாங்கிக்கொண்டு அவரை அங்கேயே விட்டுவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் விட்டேன். பிறகு எங்க டீமின் மினி பிராஜக்ட்டில் ஒரு புக்கிங் ஆப் செய்தோம். ஜாவாவில் அழகாக கிளாஸ் பிரித்து, சர்வரில் பல த்ரெட் ஓடவிட்டு, மெயில் அனுப்புவதை பேக்ரவுண்ட் டாஸ்க்காகப் போட்டு, எல்லாம் ஜோராக இருந்தது. ரிவ்யூ அன்று இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்த, ஒரே சீட் இரண்டு பேருக்கும் போனது. லேப்டாப்பில் திரும்ப ஓட்டிப் பார்த்தால் ஒழுங்காக வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நடுவில் ஒரு ஸ்லீப் போட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பிழை கண்ணில் படவில்லை. சரி பண்ணிவிட்டோம் என்று நம்பினோம். டைக்ஸ்ட்ராவின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான், நாங்கள் கைகாட்டி மரம் நடவில்லை, டிரைவரைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறோம் என்று புரிந்தது.

வக்கீலாக நினைத்த பையன்

டைக்ஸ்ட்ரா 1930 மே 11 அன்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் பிறந்தார். அப்பா பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர், டச்சு வேதியியல் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். அம்மா கணிதம் படித்தவர். வேலைக்கு என்று எங்கும் போனதில்லை. சுருக்கமாக, அழகாக, சுற்றி வளைக்காமல் ஒரு கணக்கைத் தீர்க்கும் பழக்கம் மகனுக்கு அம்மாவிடமிருந்துதான் வந்தது.

பள்ளிக்கூடத்தில் பையனின் ஆசை சட்டம் படிப்பது. ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டுக்காகப் பேச வேண்டும் என்று நினைத்தார். ஆனால் கணிதத்திலும் அறிவியலிலும் வாங்கிய மார்க்கைப் பார்த்த பெரியவர்கள் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் படிக்கப் போனார். இந்தக் கதை நம்ம வீடுகளில் நடக்காததா என்ன!

1951இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூன்று வாரம் புரோகிராமிங் வகுப்பு நடந்தது. அதற்குப் போய் வந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் பகுதி நேர புரோகிராமர் வேலை கிடைத்தது. நெதர்லாந்தில் அந்த வேலைப் பெயரோடு சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

மூன்று வருஷம் இரண்டு படகில் கால் வைத்துப் பார்த்தார். புரோகிராமிங் என்பது ஒரு படிப்பா, அதற்கு மரியாதை உண்டா, நாளைக்கு யாராவது உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற கவலை அவரை அரித்தது. கடைசியில் தன் மேலதிகாரி வான் வைன்கார்டனிடம் போய்க் கொட்டினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணினி இனி நிலைத்திருக்கப் போகிறது, நாம் ஆரம்பத்தில்தான் நிற்கிறோம், இதை மரியாதைக்குரிய துறையாக்கும் ஆட்களில் நீயும் ஒருவனாக இருக்கக் கூடாதா என்ற பொருளில் திருப்பிக் கேட்டார். அதோடு முடிவானது. இயற்பியல் பட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு முழு நேரமும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

1956இல் ஆர்மாக் என்ற புதுக் கணினியின் திறப்பு விழாவில் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழி எது? தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணோடு கடைவீதி சுற்றிவிட்டு, ஒரு காபி கடையில் உட்கார்ந்தபோது, பேனா காகிதம் இல்லாமல் சுமார் இருபது நிமிஷத்தில் விடை கண்டுபிடித்தார். நாம் எழுதும் ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதம் அதுதான். அச்சில் வந்தது 1959இல்.

1957இல் கல்யாணம். பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சி ஏற்க மறுத்துவிட்டது. கடைசியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று எழுதித்தான் மாப்பிள்ளை ஆனார்.

ஒரு பயம்

அந்தக் காலத்துக் கணினி ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். தட்டச்சுக் கருவி ஓர் எழுத்தை அடித்து முடிக்கும்வரை கணினி சும்மா காத்திருக்கும். இந்த வீணைத் தவிர்க்க, டைக்ஸ்ட்ராவோடு வேலை செய்த லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்ற இரண்டு வன்பொருள் ஆட்கள் எக்ஸ்1 என்ற அடுத்த கணினிக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கணினி தன் பாட்டுக்குக் கணக்குப் போடட்டும், கருவி வேலையை முடித்ததும் அதுவே குறுக்கிட்டுக் கூப்பிடட்டும். இதுதான் இன்டரப்ட். நாம் இன்று பேக்ரவுண்ட் டாஸ்க் என்று சொல்வதன் முன்னோர்களில் ஒன்று.

கேட்டதும் மகிழ வேண்டியவர் பயந்து போனார். காரணம் இருந்தது. அதுவரை ஒரு புரோகிராமில் பிழை என்றால் அதே உள்ளீட்டைக் கொடுத்தால் அதே பிழை திரும்ப வரும். உட்கார்ந்து பிடித்துவிடலாம். இன்டரப்ட் எந்த நொடியில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்று இந்த வரியில் வரும், நாளை அந்த வரியில் வரும். அப்படியானால் திரும்ப வரவழைக்க முடியாத பிழைகள் வரும். அந்தப் பிழைகளுக்குப் பழி தன் புரோகிராம் மேல்தானே விழும்!

கொஞ்ச காலம் பிடிகொடுக்காமல் இருந்தார். நண்பர்கள் உன்னால் முடியும் என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். சம்மதித்த பிறகு அவர் பயத்தைக் கைவிடவில்லை. எந்த நொடியில் குறுக்கிட்டாலும் புரோகிராம் உடையாது என்று யோசித்தே நிறுவ வேண்டும் என்று உட்கார்ந்தார். 1959இல் அவர் வாங்கிய முனைவர் பட்டம் இந்த எக்ஸ்1 வேலைக்குத்தான்.

நம்ம சீட் புக்கிங் கதையை இங்கே வைத்துப் பாருங்கள். மீதி சீட்டை ஒன்று குறைப்பது ஜாவாவில் ஒரே வரி. உள்ளே அது மூன்று வேலை: மதிப்பை எடு, ஒன்றைக் கழி, திரும்ப எழுது. ஒரு த்ரெட் எடுத்துக் கழித்து எழுதுவதற்குள் இன்னொரு த்ரெட் பழைய மதிப்பையே எடுத்துவிட்டால், இரண்டு டிக்கெட் போகும், எண்ணிக்கை ஒன்றுதான் குறையும். லட்சம் தடவையில் ஒரு தடவை நடக்கலாம். அந்த ஒரு தடவை லேப்பில் வராது, ரிவ்யூவில் வரும். அந்த வேரியபிளை பிரைவேட் என்று போட்டாலும் பயனில்லை. பிரைவேட் வெளி கிளாஸைத்தான் தடுக்கும், உள்ளே நுழைந்துவிட்ட இரண்டாவது த்ரெட்டைத் தடுக்காது.

பியும் வியும்

நடுவில் ஒரு சுவையான கதை. 1960இல் டைக்ஸ்ட்ராவும் நண்பர் சோன்வெல்ட்டும் ஆல்கால் 60 மொழிக்கு கம்பைலர் எழுதினார்கள். வேலை முடியும்வரை சவரம் செய்வதில்லை என்று இருவரும் ஒப்பந்தம். ஆகஸ்ட்டில் முடிந்தது. சோன்வெல்ட் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா கடைசிவரை எடுக்கவேயில்லை.

1962இல் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கேதான் ரயில் கதை வருகிறது. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, பொதுவான ஒரு பொருளைத் தொடும் பகுதிக்குள் ஒருவர் மட்டும் போக வேண்டும். இதற்கு அவர் கொடுத்த கருவி வெறும் ஓர் எண். அதற்கு டச்சு மொழியில் கைகாட்டி மரத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார். ஆங்கிலத்தில் அது செமஃபோர் ஆனது. தமிழில் படித்த நம்ம தாத்தாக்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டியதில்லை.

அந்த எண்ணின் மேல் இரண்டே செயல்கள். உள்ளே போகும் முன் பி. எண் பூஜ்யமாக இருந்தால் காத்திரு, இல்லையென்றால் ஒன்றைக் குறைத்துக்கொண்டு உள்ளே போ. வெளியே வந்ததும் வி. ஒன்றைக் கூட்டு, காத்திருப்பவர் இருந்தால் ஒருவரை எழுப்பு. முக்கியமான விஷயம், இந்த இரண்டு செயலும் நடுவில் உடையாது. யாரும் பாதியில் குறுக்கே வர முடியாது. எண்ணை ஒன்றில் ஆரம்பித்தால் ஒற்றைப் பாதை டோக்கன். ஐந்தில் ஆரம்பித்தால் ஐந்து பேர் வரை உள்ளே போகலாம்.

டோக்கன் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது என்பதையும் அவரே காட்டினார். 1965இல் மாணவர்களுக்கு ஒரு தேர்வுக் கேள்வி போட்டார். ஐந்து கணினிகள், ஐந்து டேப் டிரைவ்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள இரண்டு டிரைவும் வேண்டும். பின்னாளில் டோனி ஹோர் இதையே வட்ட மேஜையில் சாப்பிட உட்கார்ந்த ஐந்து தத்துவஞானிகள் கதையாக மாற்றினார். எல்லோரும் ஒரே நேரத்தில் இடது பக்க முள்கரண்டியை எடுத்துக்கொண்டு வலது பக்கத்துக்குக் காத்திருந்தால், ஒருவரும் விடமாட்டார், ஒருவரும் சாப்பிடமாட்டார். டெட்லாக். முள்கரண்டிகளுக்கு எண் கொடுத்து, சின்ன எண்ணை முதலில் எடு என்று விதி போட்டால் இந்த முடிச்சு விழாது. இந்தப் புதிரை நீட்டித்து இன்னொரு புகழ்பெற்ற தீர்வை 1984இல் வெளியிட்ட இருவரில் ஒருவரான மணி சாண்டி, நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸில் பி.டெக். படித்தவர்.

எழுதிவைத்துவிட்டு அவர் நிற்கவில்லை. அரை டஜன் பேர் கொண்ட சின்னக் குழுவோடு எக்ஸ்8 கணினிக்கு ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டினார். பல்கலைக்கழகத்தின் பெயர்ச் சுருக்கமே அதற்கும் பெயர்: டி.ஹெச்.இ. 1968இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அடுக்கு அடுக்காகக் கட்டிய சிஸ்டம் அது. அடி அடுக்கு பிராசஸரைப் பங்கு போடும். அதற்கு மேலே உள்ளவர்கள் பிராசஸர் யாரிடம் இருக்கிறது என்று கவலைப்படவே வேண்டாம். ஒவ்வொரு வேலையும் தனக்கென்று ஒரு கணினி இருப்பதுபோல எழுதப்பட்டிருக்கும், சந்திக்கிற இடத்தில் மட்டும் செமஃபோர். நாம் த்ரெட் எழுதும்போது ஷெட்யூலரைப் பற்றி யோசிக்காமல் இருப்பது இந்த வழியில் வந்த சொத்துதான்.

இவ்வளவு செய்த பிறகு அவருக்கு நல்ல காலம் வந்தது என்று நினைத்தால் தவறு. அவருடைய துறைக்குக் கணினி அறிவியலில் நம்பிக்கை இல்லை. குழு கலைக்கப்பட்டது. மனச்சோர்வில் விழுந்தார். அதிலிருந்து எழுந்து வருவதற்காகவே எழுத உட்கார்ந்தார். அப்படி எழுதியதுதான் ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங் பற்றிய குறிப்புகள். 1972இல் அது தால், ஹோர் ஆகிய இருவரின் கட்டுரைகளோடு புத்தகமாக வந்தது. அதே வருஷம் டியூரிங் விருதும் வந்தது.

ஆப்ஜெக்ட் உள்ளே வந்த கதை

அந்தப் புத்தகத்தில் நமக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. ஓலே யோஹான் தால் என்பவர் கிறிஸ்டன் நைகார்டோடு சேர்ந்து நார்வேயில் சிமுலா 67 என்ற மொழியை உருவாக்கியவர். கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் அங்கே பிறந்தவை. தாலும் ஹோரும் எழுதிய பகுதி அந்த கிளாஸ் யோசனையைப் பற்றியது. ஆக, த்ரெட்டுக்குக் கைகாட்டி வைத்தவரும் ஆப்ஜெக்ட்டைப் படைத்தவரும் ஒரே அட்டைக்குள் இருந்தார்கள்.

இரண்டையும் ஒட்டவைத்தது பிர்ஞ்ச் ஹான்சனும் ஹோரும். செமஃபோரில் ஒரு தொல்லை உண்டு. பி போட்டவர் வி போட மறந்தால் கதை முடிந்தது. டைக்ஸ்ட்ராவே 1971இல், பொதுப் பொருளைப் பார்த்துக்கொள்ள ஒரு செயலாளரை வைத்துவிடலாம், மற்றவர்கள் அவரிடம் கேட்டு வாங்கட்டும் என்று யோசித்திருந்தார். அதை கிளாஸோடு சேர்த்து மானிட்டர் என்ற கருவி வந்தது. டேட்டாவும் அதைத் தொடும் மெத்தட்களும் பூட்டும் ஒரே இடத்தில். ஜாவாவில் சிங்க்ரனைஸ்டு என்று ஒரு சொல் போடுகிறோமே, அது இந்த வழியில் வந்தது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்குள்ளும் ஒரு பூட்டு ஒளிந்திருப்பதும் அதனால்தான்.

பயம் அவரையும் விடவில்லை

1973 முதல் பரோஸ் நிறுவனத்துக்காக நூனன் என்ற ஊரில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்தார். அப்போது எடுத்த ஒரு கணக்கு நம் எல்லோர் புரோகிராமிலும் இன்று ஓடுகிறது. பயன்படாத ஆப்ஜெக்ட்களைப் பொறுக்கும் கார்பேஜ் கலெக்டர். அதுவரை அது ஓடும்போது மெயின் புரோகிராம் நின்றுவிடும். நிற்காமல், பின்னணியில் இன்னொரு பிராசஸராக அது பெருக்கிக்கொண்டே இருக்க முடியுமா? வீட்டில் ஆட்கள் பொருளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்போது, தேவையான எதையும் எறியாமல் பெருக்குவது போன்ற வேலை. லாம்போர்ட், ஸ்கோல்டன் உள்ளிட்ட நால்வரோடு சேர்ந்து தீர்வு கண்டார். ஆப்ஜெக்ட்களுக்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று நிறம் பூசும் முறை அது. இன்று கோ மொழியின் கலெக்டர் அந்த மூன்று நிற வழியில்தான் நடக்கிறது.

கட்டுரை இதழுக்குப் போன பிறகு அதில் ஒரு பிழை இருப்பது தெரிந்தது. இரண்டு சின்னச் செயல்களில் எதை முதலில் செய்வது என்ற வரிசையில்தான் தவறு. உலகத்திலேயே இந்த விஷயத்தில் மிகக் கவனமான ஆள், நிரூபணம் எழுதிய பிறகும் சறுக்கிய இடம் அது. பிழையைக் காட்டிக்கொடுத்தது எந்தக் கணினியும் இல்லை. காகிதத்தைக் கவனமாகப் படித்த மனிதர்கள். அவர் மூடி மறைக்கவில்லை. கட்டுரையைத் திரும்ப வாங்கித் திருத்தினார்கள், நிரூபணத்தைத் திரும்ப எழுதினார்கள், 1978 நவம்பரில் வெளியிட்டார்கள்.

1984இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு, ஆஸ்டின் நகரத்துக்குப் போனார். ஊருக்கே கணினி கற்றுக்கொடுத்தவர் பெரும்பாலும் மை ஊற்றும் பேனாவில்தான் எழுதினார். கட்டுரையோ பயணக் குறிப்போ, ஒவ்வொன்றுக்கும் தன் பெயரின் முதலெழுத்துகளோடு வரிசை எண் போட்டு நண்பர்களுக்கு நகல் அனுப்புவார். அந்த எண் 1,300ஐத் தாண்டியது. 2001இல் முதலாண்டு மாணவர்களுக்கு ஹாஸ்கெல் மொழியை எடுத்துவிட்டு ஜாவா வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வேண்டாம் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். 2004இல் வந்த ஜாவா 5இல் செமஃபோர் என்ற பெயரிலேயே ஒரு கிளாஸ் சேர்ந்தது. பார்க்க அவர் இல்லை.

2002இல் நோயோடு நூனன் வீட்டுக்குத் திரும்பி, ஆகஸ்ட் 6 அன்று புற்றுநோயால் காலமானார். அந்தக் கோடையை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. ஜூன் 29 அன்று தால். ஆகஸ்ட் 6 அன்று டைக்ஸ்ட்ரா. ஆகஸ்ட் 10 அன்று நைகார்ட். நாம் ஒரு செமஸ்டரில் படிக்கும் இரண்டு பாடங்களின் தகப்பன்மார் ஆறே வாரத்தில் போய்விட்டார்கள்.

அவர் வாழ்க்கையிலிருந்து எங்க டீம் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஓடிச்சு சார் என்பது பதில் இல்லை. த்ரெட் வந்த இடத்தில் ஆயிரம் தடவை ஓடினாலும் ஆயிரத்தொன்றாவது தடவைக்கு அது சாட்சி ஆகாது. எந்த நொடியில் குறுக்கே வந்தாலும் உடையாது என்று காகிதத்தில் காட்ட முடிய வேண்டும். பகிரும் பொருள் எது, அதைத் தொடும் வரிகள் எவை, பூட்டு எது, இரண்டு பூட்டு இருந்தால் எது முதலில்? இந்த நாலு கேள்வியையும் நோட்டில் எழுதினோம். ஸ்லீப்பை எடுத்துவிட்டு, சீட் எண்ணிக்கையையும் அதைக் குறைக்கும் மெத்தடையும் ஒரே கிளாஸில் பூட்டு போட்டு வைத்தோம். மெயில் அனுப்பும் டாஸ்க்கைப் பூட்டுக்கு வெளியே தள்ளினோம், இல்லையென்றால் ஒரு மெயில் போய்ச் சேரும்வரை எல்லோரும் கிராஸிங்கில் நிற்க வேண்டியிருக்கும். பிறகு அந்த நோட்டுப் பக்கத்தை வேறு டீமில் ஒருவரிடம் கொடுத்து, தப்பு கண்டுபிடி என்றோம். ஒன்று கண்டுபிடித்தார். நன்றி சொல்லித் திருத்தினோம்.

நாளைக்குக் காலையிலும் நம்ம வண்டி எங்காவது நிற்கும். புலம்புவோம், அது வேறு. எதிர்வண்டி கடந்து போகும்வரை பொறுத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.